கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பிரசவ தேதியைக் கணிப்பது எப்படி?

கர்ப்பிணி ஒருவரின் மருத்துவக் கோப்பைப் புரட்டினால், பல வீடுகளில் பிரசவ தேதி என்று ஒன்றுக்கு மூன்று தேதிகள் இருக்கும். தாய்–சேய் அட்டையில் கிராம சுகாதாரச் செவிலியர் எழுதியது ஒன்று, முதல் ஸ்கேன் அறிக்கையில் அச்சாகியிருப்பது இன்னொன்று, எட்டாம் மாத ஸ்கேனில் வந்தது மற்றொன்று. எதை நம்புவது என்ற குழப்பம், விடுப்புக்கு விண்ணப்பிப்பதில் தொடங்கி, பிரசவ வலியை மருந்து கொடுத்துத் தூண்டுவதா, இன்னும் சில நாள் பொறுப்பதா என்ற முடிவு வரை நீள்கிறது. முதல் மூன்று மாதங்களுக்குள் மாதவிடாய்த் தேதியையும் தொடக்கக்கால ஸ்கேனையும் ஒப்பிட்டு, ஒரே ஒரு தேதியை முடிவு செய்து, எழுதிவைத்து, பிறகு அதை மாற்றாமல் இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. கணக்கை மருத்துவரே போடுவார் என்றாலும், கர்ப்பிணியும் குடும்பத்தாரும் அதைப் புரிந்துகொண்டால், சரியான தகவலைச் சரியான நேரத்தில் தர முடியும்.

இந்தத் தேதியில் குழந்தை பிறந்தே தீரும் என்று பொருளில்லை. சொன்ன நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் நிறைந்ததிலிருந்து 42 வாரம் நிறைவதற்குள் எப்போது பிறந்தாலும் அது உரிய காலப் பிரசவமே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் செய்யப்படும் ஏறத்தாழ எல்லாச் சோதனைகளும் இந்தத் தேதியை வைத்தே திட்டமிடப்படுகின்றன. குழந்தையின் கழுத்துப் பின்புற நீர்த்தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் செய்ய முடியும். அந்த வாய்ப்பு தவறினால் திரும்ப வராது. உறுப்புகளைப் பார்க்கும் டிஃபா ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில், கர்ப்பகாலச் சர்க்கரைக்கான சோதனை 24 முதல் 28 வாரங்களில், ஆர்எச் நெகட்டிவ் ரத்தவகைத் தாய்க்கான ஆன்டி–டி ஊசி 28ஆம் வாரத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. முன்கூட்டியே வலி கண்டால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி தேவையா என்பதையும் வாரக் கணக்கே தீர்மானிக்கிறது. மகப்பேறு விடுப்பு விதிகளின்படி, எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதிக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் விடுப்பு எடுக்கலாம் என்பதால், அலுவலகம் கேட்பதும் இதே தேதியைத்தான்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கணக்கின் தொடக்கப்புள்ளி, கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாள். மருத்துவமனைச் சீட்டுகளில் இதை எல்.எம்.பி. என்று எழுதுவார்கள். முதல் நாள் என்பது உதிரப்போக்கு வழக்கமான அளவில் தொடங்கிய நாள். அதற்கு முந்தைய ஓரிரு நாள் லேசாகக் கறை பட்டிருந்தால் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. உதிரப்போக்கு நின்ற நாளும் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

நம் ஊர்களில் இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. "எப்போம்மா கடைசியா குளிச்சே?" என்று பெரியவர்களும், சில நேரங்களில் செவிலியர்களும் கேட்கும்போது, சில பெண்கள் உதிரப்போக்கு தொடங்கிய நாளைச் சொல்வார்கள், சிலர் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குக் குளித்த தேதியைச் சொல்வார்கள். இந்தப் பதில் அப்படியே அட்டையில் ஏறினால், தொடக்கத்திலேயே கணக்கு சில நாள்கள் தள்ளிப்போய்விடும். ஆகவே கேட்பவர் "முதன்முதலாக உதிரம் பட்ட நாள் எது?" என்று வெளிப்படையாகவே கேட்க வேண்டும், சொல்பவரும் தயங்காமல் அதையே சொல்ல வேண்டும். இதில் கூச்சப்பட ஏதுமில்லை.

தேதி நினைவில்லை என்றால் உடனே "தெரியாது" என்று விட்டுவிடாமல் கொஞ்சம் முயன்று பார்க்கலாம். அந்த மாதம் கோவிலுக்குப் போக முடியாமல் போனதா, ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருந்தபோது தொடங்கியதா, அமாவாசைக்கு முன்பா பின்பா, சம்பளம் வந்த வாரமா என்று யோசித்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம். ஆடிப்பெருக்கு, ஆயுதபூஜை என்று பண்டிகையை வைத்து நினைவுகூர்பவர்கள், அந்த ஆண்டு நாள்காட்டியைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றி எழுத வேண்டும். அத்துடன், அந்தத் தேதி உறுதியானதா, உத்தேசமானதா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "10ஆம் தேதி" என்று அடித்துச் சொல்வதைவிட "8க்கும் 12க்கும் இடையில், சரியாக நினைவில்லை" என்ற உண்மையான பதில் பல மடங்கு பயனுள்ளது. உத்தேசம் என்று தெரிந்தால் மருத்துவர் ஸ்கேன் அளவுக்கு அதிக எடை கொடுப்பார்.

280 நாள் கணக்கு

மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் நிறையும் நாளே எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதி, இ.டி.டி. என்று சீட்டில் எழுதப்படுவது இதுதான். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நம்மவர்கள் சொல்வதும், மாதத்துக்கு 28 நாள் என்று கொண்டால், இதே 280 நாள்தான்.

நாள்காட்டி மட்டும் கையில் இருந்தால் போதும் என்ற அளவுக்கு இதை எளிதாக்கிய விதி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் கார்ல் நேகலேயின் பெயரால் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் அவர் பரப்பிய இந்தக் கணக்கின் மூலம், அவருக்கு முந்தைய நூற்றாண்டில் ஹாலந்தின் லைடனில் வாழ்ந்த ஹெர்மன் பூர்ஹாவேயிடம் இருக்கிறது. விதி இதுதான்: மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாளைக் கூட்டுங்கள், மாதத்தில் 3ஐக் கழியுங்கள், தேவைப்பட்டால் ஆண்டை ஒன்று கூட்டுங்கள். மூன்று மாதம் கழிப்பதற்குப் பதில் ஒன்பது மாதம் கூட்டினாலும் விடை ஒன்றுதான்.

2025 மார்ச் 10 அன்று கடைசி மாதவிடாய் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 7 நாள் கூட்டினால் 17. மார்ச்சிலிருந்து மூன்று மாதம் பின்னே போனால் டிசம்பர். எனவே பிரசவ தேதி 2025 டிசம்பர் 17. ஆனால் நாள்களை ஒவ்வொன்றாக எண்ணினால் 280ஆவது நாள் டிசம்பர் 15இல் வருகிறது. இந்த இரண்டு நாள் வித்தியாசத்தைப் பார்த்து யாரோ தவறாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். மாதங்கள் 28, 30, 31 நாள் என்று மாறுவதால், நேகலே விதி மாதவிடாய் தொடங்கும் மாதத்தைப் பொறுத்து 280 முதல் 283 நாள் வரை தரும். மே மாதத்தில் தொடங்கினால் வித்தியாசம் மிக அதிகம்: மே 10க்கு விதிப்படி பிப்ரவரி 17, நாள் எண்ணிப் பார்த்தால் பிப்ரவரி 14. கைப்பேசிச் செயலிகளும் ஸ்கேன் இயந்திரங்களும் 280 நாளையே எண்ணுகின்றன. கையால் எழுதப்படும் அட்டைகளில் நேகலே விதி இருக்கும். மருத்துவர்கள் பயன்படுத்தும் வட்ட அட்டைகளிலும் ஓரிரு நாள் மாறலாம். என் கருத்தில், வசதி இருப்பவர்கள் 280 நாளை எண்ணும் முறையையே கடைப்பிடிப்பது நல்லது. ஸ்கேனோடு ஒப்பிடும்போது தேவையற்ற வேறுபாடு வராது.

மாதக் கடைசியில் தொடங்கிய மாதவிடாய்க்கு, முதலில் 7 நாள் கூட்டி மாதம் மாறுகிறதா என்று பார்த்த பிறகே மூன்று மாதத்தைக் கழிக்க வேண்டும். ஏப்ரல் 27 என்றால் 7 நாள் கூட்டி மே 4. அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் பிப்ரவரி 4. வரிசையை மாற்றினால் விடை பிப்ரவரி 3 ஆகிவிடும்.

கருத்தரிக்கும் முன்பே இரண்டு வாரமா?

இந்தக் கணக்கில் பலரையும் குழப்புவது, சில குடும்பங்களில் வேதனையையே உண்டாக்குவது ஒன்று உண்டு. 28 நாள் சுழற்சியில் கருமுட்டை வெளியேறுவது ஏறத்தாழ 14ஆம் நாள். கருத்தரிப்பு அதையொட்டியே நடக்கும். ஆனால் வாரக் கணக்கு மாதவிடாயின் முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. அதனால் கருத்தரித்த நாளன்றே கர்ப்பம் 2 வாரம் என்று கணக்காகிவிடும். மாதவிடாய் வர வேண்டிய நாளில் வராமல், நாள் தள்ளிப்போய், சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழும்போது, கரு உருவாகி இரண்டு வாரமே ஆகியிருந்தாலும் மருத்துவச் சீட்டில் 4 வாரம் என்றுதான் எழுதப்படும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் விடுமுறையில் வந்து நான்கு வாரம்தான் ஆகிறது, ஆனால் ஸ்கேன் அறிக்கை 6 வாரம் என்று காட்டுகிறது என்றால், அந்த அறிக்கை சரியானதே. அவர் வருவதற்கு முந்தைய இரண்டு வாரமும் மாதவிடாய் முதல் எண்ணும் வழக்கத்தால் சேர்ந்தவை. இது தெரியாமல் ஒரு பெண்ணின் மீது சந்தேகப் பார்வை விழுவது பெரும் கொடுமை. ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே இந்த இரண்டு வார விளக்கத்தையும் குடும்பத்தாருக்குச் சொல்லிவிடுவது மருத்துவமனைகளின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

கருத்தரித்த நாள் உறுதியாகத் தெரிந்தால் அதிலிருந்து 266 நாளை எண்ண வேண்டும். புதுமணத் தம்பதியரை ஆடியில் பிரித்துவைக்கும் வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணமும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது: ஆடியின் முதல் சில நாள்களைத் தவிர, அந்த மாதம் எப்போது கருத்தரித்தாலும் 266 நாள் கழித்து வருவது கொளுத்தும் சித்திரைதான்.

சுழற்சி 28 நாள் இல்லாதவர்களுக்கு

280 நாள் கணக்கு 28 நாள் சுழற்சியை வைத்து அமைந்தது. சுழற்சியின் நீளம் மாறும்போது, பெரும்பாலும் மாறுவது கருமுட்டை வெளியேறுவதற்கு முந்தைய பகுதி. வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான காலம் ஏறத்தாழ இரண்டு வாரமாகவே இருக்கும். எனவே மாதாமாதம் ஒழுங்காக 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்குப் பிரசவ தேதியோடு 7 நாளைக் கூட்ட வேண்டும். மேலே பார்த்த டிசம்பர் 15, டிசம்பர் 22 ஆகும். 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு 4 நாளைக் கழிக்க வேண்டும். சுழற்சி என்பது ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை என்பதை மறக்க வேண்டாம்.

இந்தத் திருத்தம் சுழற்சி ஒழுங்காக உள்ளவர்களுக்கு மட்டுமே. ஒரு மாதம் 30 நாள், அடுத்தது 48 நாள் என்று மாறிக்கொண்டே இருந்தால் சராசரி எடுத்துக் கூட்டுவதில் பயனில்லை. சினைப்பையில் நீர்க்கட்டிகள் (பி.சி.ஓ.டி.) உள்ளவர்கள் பலர் இந்த வகையில் வருவார்கள். பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே மறுபடி கருத்தரித்தவர்களுக்கு எண்ணத் தொடங்கவே தேதி இருக்காது. கருத்தடை மாத்திரையை நிறுத்திய உடனோ, கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட காலத்தை ஒட்டியோ, கருச்சிதைவுக்குப் பின் ஒருமுறையும் ஒழுங்காக மாதவிடாய் வராமலோ கருத்தரித்தவர்களுக்கும் மாதவிடாய்த் தேதி நம்பத்தக்கதல்ல.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. தொடக்க வாரங்களில் சிலருக்கு லேசாக உதிரம் படும். அது மாதவிடாய் வர வேண்டிய நாளை ஒட்டியே நேர்வதால், "இந்த மாதம் கொஞ்சமாக வந்தது" என்று அதையே கடைசி மாதவிடாயாகச் சொல்லிவிடுவார்கள். அப்படியானால் கர்ப்பம் உண்மையில் உள்ளதைவிட ஏறத்தாழ நான்கு வாரம் குறைவாகக் கணக்காகும். கடைசியாக வந்தது வழக்கத்தைவிடக் குறைவாகவோ, குறைந்த நாளிலேயே நின்றோ போயிருந்தால், அதையும் அதற்கு முந்தைய மாதவிடாயின் தேதியையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தொடக்கக்கால ஸ்கேன்

இந்த ஐயங்கள் எல்லாவற்றுக்கும் நம்பகமான விடை, முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன். மருத்துவத்தில் ஒலியலையைக் கொண்டு கருவைப் பார்க்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் 1950களில் வளர்த்தெடுத்தார். அதே ஊரில் ஹியூ ராபின்சன் 1970களில் கருவின் நீளத்துக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பை அளந்து அட்டவணையாக்கினார். இன்றைக்கும் பல ஸ்கேன் இயந்திரங்களில் உள்ள கணக்கு அவருடையதே. கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள்; அறிக்கையில் இது சி.ஆர்.எல். என்று இருக்கும். கால்களை இதில் சேர்ப்பதில்லை.

முதல் மூன்று மாதங்களில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கின்றன. அம்மா உயரமா குட்டையா, அப்பா யார், நன்றாகச் சாப்பிட முடிகிறதா, வாந்தியாகவே இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் கருவின் நீளத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. அதனால்தான் நீளத்தை வைத்து வயதைச் சொல்ல முடிகிறது. ராபின்சனின் கணக்குப்படி 5 மில்லிமீட்டர் நீளம் 6 வாரத்தையும், 10 மில்லிமீட்டர் 7 வாரம் 1 நாளையும், 23 மில்லிமீட்டர் 9 வாரத்தையும், 45 மில்லிமீட்டர் 11 வாரம் 2 நாளையும், 60 மில்லிமீட்டர் 12 வாரம் 3 நாளையும் குறிக்கும். 84 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் குழந்தை வளைந்தும் நிமிர்ந்தும் அசைவதால் இந்த நீளம் நம்பகமாக இராது. அதற்குப் பின் தலையின் சுற்றளவு போன்ற அளவுகளைப் பார்ப்பார்கள். 14 வாரத்துக்குள் சரியாக அளந்த நீளத்திலிருந்து கிடைக்கும் வயது, முன்னும் பின்னும் 5 முதல் 7 நாளுக்குள் சரியாக இருக்கும்.

தேதியைக் கணிப்பதற்காக மட்டும் என்றால் 8 முதல் 13 வாரத்துக்குள் எடுப்பதே பொருத்தம். நாள் தள்ளிப்போனதும் ஓடிப்போய் எடுக்கும் ஸ்கேனில் பெரும்பாலும் கவலைதான் மிஞ்சும். 5 வாரத்தில் கர்ப்பப்பைக்குள் கரு வளரும் பை மட்டுமே தெரியும். அந்தப் பையின் அளவை வைத்துச் சொல்லும் தேதி துல்லியமானதல்ல. கருவும் இதயத்துடிப்பும் ஏறத்தாழ 6 வாரம் அளவில்தான் தென்படத் தொடங்கும். "இதயத்துடிப்பு இன்னும் வரவில்லை" என்று அறிக்கை வந்தால், கருமுட்டை தாமதமாக வெளியேறியதால் கர்ப்பம் நினைத்ததைவிட இளையதாக இருக்கலாம். கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போது துடிப்பு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கர்ப்பம் கலைந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது; குறைந்தது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரக் காத்திருப்பு கடினமானதுதான். ஆனாலும் அவசரப்பட்டு முடிவெடுத்துவிடக் கூடாது.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் போக வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது என்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். மிகத் தொடக்க வாரங்களில் இரண்டாவது முறையிலேயே தெளிவாகத் தெரியும். அதனால் கருவுக்குத் தீங்கில்லை. இரட்டைக் கரு என்றால் இரண்டில் நீளமானதன் அளவை வைத்துத் தேதி குறிப்பதே நடைமுறை. ஒருபக்க அடிவயிற்றில் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம் ஆகியவை இருந்தால் எந்தத் தேதிக்காகவும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

இரண்டு தேதிகளில் எதை வைத்துக்கொள்வது?

ஸ்கேன் தேதி மாதவிடாய்த் தேதியிலிருந்து ஓரிரு நாள் மாறினாலே புதிய தேதியை எழுதிவிடுவதும், பத்துப் பன்னிரண்டு நாள் மாறியும் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பதும் இரண்டுமே தவறு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி வகுத்துள்ள வரம்பு இதற்குத் தெளிவான வழிகாட்டி. மாதவிடாய்க் கணக்குப்படி 8 வாரம் 6 நாளுக்குள் எடுத்த ஸ்கேன் என்றால், வித்தியாசம் 5 நாளுக்கு மேல் போனால் மட்டும் ஸ்கேன் தேதிக்கு மாற வேண்டும். 9 வாரத்திலிருந்து 15 வாரம் 6 நாள் வரை அந்த வரம்பு 7 நாள். 16 முதல் 21 வாரம் 6 நாள் வரை 10 நாள். 22 முதல் 27 வாரம் 6 நாள் வரை 14 நாள். அதற்குப் பின் 21 நாள். இவை முதன்முதலாக எடுக்கும் ஸ்கேனுக்கான வரம்புகள். வரம்புக்குள் இருந்தால் மாதவிடாய்த் தேதியையே வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டையே தொடர்வோம். மார்ச் 10 மாதவிடாய். மே 12 அன்று ஸ்கேன். அன்று மாதவிடாய்க் கணக்குப்படி 63 நாள், அதாவது சரியாக 9 வாரம். ஸ்கேனில் கருவின் நீளம் 20 மில்லிமீட்டர் என்றால் வயது 8 வாரம் 4 நாள். வித்தியாசம் 3 நாள்தான். டிசம்பர் 15 அப்படியே இருக்கட்டும். நீளம் 10 மில்லிமீட்டர் என்றால் வயது 7 வாரம் 1 நாள். வித்தியாசம் 13 நாள். இப்போது ஸ்கேனுக்கு மாற வேண்டும். அன்று 50 நாள் ஆகியிருக்கிறது, 280க்கு இன்னும் 230 நாள் இருக்கிறது. மே 12இலிருந்து 230 நாள் எண்ணினால் டிசம்பர் 28. இனி இதுவே பிரசவ தேதி.

வாரங்கள் கூடக்கூட வரம்பு விரிவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் மாதத்துக்குப் பின் ஒவ்வொரு குழந்தையும் தன் பரம்பரைக்கும் தாயின் உடல்நிலைக்கும் ஏற்பத் தனித்தனி வேகத்தில் வளர்கிறது. கடைசி மாதங்களில் இயந்திரம் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து அச்சிடும் தேதி, "இந்த அளவுள்ள சராசரிக் குழந்தைக்கு இத்தனை வாரம்" என்று மட்டுமே சொல்கிறது. எட்டாம் மாத ஸ்கேனில் தேதி இரண்டு வாரம் தள்ளி வந்தால், பிரசவம் தள்ளிப்போகிறது என்று மகிழ்வதற்கில்லை. குழந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தேதியைத் திருத்திவிட்டால், வளர்ச்சி குன்றிய குழந்தை காகிதத்தில் சரியான வளர்ச்சியோடு இருப்பதாகத் தோன்றும். கவனிக்க வேண்டியது கவனிக்கப்படாமலே போகும். ஒருமுறை உறுதி செய்த தேதியைப் பின்னால் தொடக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சிகிச்சை மூலம் கருத்தரித்தவர்களுக்கு

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். முறையில் கணக்கு மிக எளிது, துல்லியமும் அதிகம். கருமுட்டையை எடுத்த நாளிலிருந்து 266 நாள். ஐந்து நாள் வளர்ந்த கருவை வைத்த நாளிலிருந்து என்றால் 261 நாள். மூன்று நாள் கரு என்றால் 263 நாள். 2025 ஜூன் 1 அன்று முட்டை எடுத்து, ஜூன் 6 அன்று ஐந்து நாள் கருவை வைத்திருந்தால், எப்படி எண்ணினாலும் 2026 பிப்ரவரி 22 வரும். உறையவைத்த கருவுக்கும், வைத்த நாளையும் கருவின் நாளையும் கொண்டே எண்ண வேண்டும். இவர்களுக்கு ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றக் கூடாது. கருத்தரித்த நாள் திட்டவட்டமாகத் தெரிந்திருக்கும்போது அளவிலிருந்து அதை ஊகிக்க வேண்டியதில்லை. விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்த நாளிலிருந்து 266 நாள் என்று கொள்ளலாம்.

எவற்றை வைத்துக் கணிக்கக் கூடாது

ரத்தத்தில் உள்ள எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோனின் அளவு ஒரே வாரத்தில் இருக்கும் இரண்டு பெண்களிடையே பல மடங்கு மாறுபடும் என்பதால், அதிலிருந்து வாரத்தைச் சொல்ல முடியாது. வாந்தி எப்போது தொடங்கியது, வயிறு எவ்வளவு தெரிகிறது என்பனவும் அப்படியே. குழந்தையின் அசைவு முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரங்களிலும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் சற்று முன்னதாகவும் உணரப்படும். கர்ப்பப்பை 12 வார அளவில் அடிவயிற்று எலும்புக்கு மேல் கைக்குத் தட்டுப்படும். ஸ்கேன் வசதி கிட்டாதபோது இவை துணைத் தகவல்களாக உதவும், அவ்வளவே. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே மருத்துவமனைக்கு வருபவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எடுக்கச் சொல்கிறது. அதில் கிடைக்கும் தேதி சற்றே நெகிழ்வானது என்றாலும், தேதியே இல்லாமல் இருப்பதைவிடப் பெரிதும் மேலானது.

முடிவு செய்த பிறகு

மாதவிடாய்த் தேதி, அது உறுதியா உத்தேசமா, சுழற்சியின் நீளம், முதல் ஸ்கேன் எடுத்த நாள், அன்றைய கருவின் நீளம், முடிவான பிரசவ தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டி, தாய்–சேய் அட்டையிலும் அதே தேதியை எழுதச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போதும் இதே மாதவிடாய்த் தேதியைத்தான் கேட்பார்கள். ஸ்கேனுக்குப் பின் பிரசவ தேதி மாறியிருந்தால், செவிலியரிடம் சொல்லி அங்கேயும் திருத்தச் செய்ய வேண்டும். பின்னால் எடுக்கும் ஸ்கேனில் வேறு தேதி அச்சாகி வந்தால், "முதல் ஸ்கேன்படி இன்றைக்கு எத்தனை வாரம், அதற்கேற்ற வளர்ச்சி இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண்கள் அங்கே புதிய மருத்துவரைப் பார்ப்பார்கள். பழைய கோப்பு கணவர் வீட்டிலேயே தங்கிவிட்டால், அந்த மருத்துவர் ஏழாம் எட்டாம் மாதத்தில் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து, அதன் தேதியையே நம்ப வேண்டிய நிலை வரும்; மூன்று வாரம் வரை முன்பின்னாகக் கூடிய அந்தத் தேதியை வைத்துத்தான் 41 வாரம் ஆகிவிட்டதா, மருந்து கொடுத்து வலியைத் தூண்டலாமா என்று அவர் முடிவு செய்ய நேரும். எனவே பெட்டியில் துணிமணிகளோடு முதல் மூன்று மாதத்து ஸ்கேன் அறிக்கையும் கட்டாயம் இருக்க வேண்டும். தொலைந்துபோகாமல் இருக்க, அதைப் படம் எடுத்து இரண்டு வீட்டார் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம்.